450 வெள்ளிக்கு அரை மணி நேர வானம், கொஞ்சம் புல்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். 31 வருஷமாகிறது. ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில். நூல், லைனிங் துணி, கொக்கி, ஜிப் எதை வாங்கினாலும் அது நன்றாயிருக்கிறதா இல்லையா என்று நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். இந்தத் தடவை நூல் இல்லை, விமானம்.

என் 50-வது பிறந்தநாளுக்கு மகள் ஒரு கூப்பன் கொடுத்தாள். பறக்கும் மன்றம் (ஃபிளையிங் கிளப்) ஒன்றில் 30 நிமிஷம் ‘டிரையல் ஃபிளைட்’. பக்கத்தில் பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார், நடுவே கொஞ்ச நேரம் நம் கையிலும் கொடுப்பார். விலை 450 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஓவர்லாக் மெஷினில் பாதி வந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். “அம்மா, பேசாம போங்க” என்றாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எந்த மன்றம், எந்த ஓடுபாதை என்று எழுதப் போவதில்லை. அன்று ஓட்டிய பிள்ளைக்கு 26 வயது. அவன் பிழைப்பில் என் வாயால் மண் விழ வேண்டாம். பெயரே இல்லாத விமர்சனத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். எந்த மன்றத்துக்குப் போனாலும் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும்.

நான் பிறந்து வளர்ந்தது சாலாக் செலாத்தானில். பக்கத்திலேயே சுங்கை பீசி பழைய விமான நிலையம். 1965-இல் சுபாங் திறக்கிறவரை கோலாலம்பூருக்கு அதுதான் விமான நிலையம். எங்கள் காலத்தில் அது ஆகாயப் படையின் தளம், கூடவே மன்றத்துச் சின்ன விமானங்களும் ஏறி இறங்கும். துணி காயப்போடும் அம்மா தலைக்கு மேலே, அறுந்த பட்டம் மாதிரி ஆடிக்கொண்டே இறங்கிப் போகும். 2018-இல் அந்தத் தளத்தையும் மூடிவிட்டார்கள். கூப்பனைக் கையில் வாங்கியபோது அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. பெரிய விமானத்தின் இரைச்சல் வேறு, இது வேறு. புல் வெட்டும் மெஷினைத் தூக்கி வானத்தில் ஓடவிட்ட மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இதில் இஷ்டமே இல்லை. 2023 ஆகஸ்ட் 17-இல் லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சின்ன ஜெட் எல்மினாவில் சாலையில் விழுந்து, உள்ளே இருந்த 8 பேரோடு சாலையில் போன 2 பேரும் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் காப்பாரில் செம்பனைத் தோட்டத்துக்குள் இன்னொரு சின்ன விமானம், 2 பேர். இரண்டையும் தேதியோடு ஒப்பித்தார். “இதுக்கு மேல உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு, காடியை மட்டும் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் வானொலியைக்கூடப் போடவில்லை.

முன்பதிவெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பதில் சீக்கிரம் வருகிறது, மரியாதையாகவும் இருக்கிறது. காலை 10 மணி என்று குறித்துக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் மூன்று பேர். அப்புறம் எண்ணெய் நிரப்ப வேண்டும் என்றார்கள், அப்புறம் பயிற்றுநர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டு மணிக்கு நல்ல மழை. நான் ஏறியது மூன்றரைக்கு. அக்டோபர் மாதம் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் வானம் என்ன செய்யும் என்று கொடியில் துணி காயப்போடுகிறவளுக்குத் தெரியும். விமானம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா? காலையில் முதல் ஆளாகப் பறக்க இடம் கிடைத்தால் மட்டும் போங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

எடை கேட்டார்கள். 68 என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் மேசைக்கு அடியிலிருந்து தராசை இழுத்துப் போட்டாள். 74. ஊரார் இடுப்பையெல்லாம் டேப்பால் அளக்கிறவளுக்கு இது தேவைதான். விளையாட்டுக்குக் கேட்பதில்லையாம். செஸ்னா 172 என்கிற இந்தச் சின்ன விமானத்தில் ஆள், எண்ணெய், பை எல்லாம் சேர்த்து எவ்வளவு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று ஒரு தாளில் கணக்குப் போட்ட பிறகுதான் கிளப்புவார்கள். அந்தத் தாளை என் கண் முன்னாலேயே நிரப்பினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் விளக்கவுரை. மொத்தம் 12 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பொறுப்பு யாருக்கு என்று சொல்லும் தாளில் கையெழுத்துப் போட நாலு நிமிஷம், விமானத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஐந்து நிமிஷம். மிச்சத்தில் பெல்ட், கதவு, ஹெட்செட், மூக்கில் சுற்றும் சுழலி பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான். பாதத்தை எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை இல்லை.

விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1955-இல் முதல் தடவை பறந்த வகை. இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் இவ்வளவு எண்ணிக்கையில் செய்த விமானம் வேறு இல்லை. தையல்காரிக்குச் சொல்வதென்றால், பழைய சிங்கர் மெஷின் மாதிரி. எந்த ஊரிலும் ஓட்டத் தெரிந்தவன் இருப்பான். நான் ஏறியதில் இருக்கைத் துணி கிழிந்து மேலே டேப் ஒட்டியிருந்தது. தையல் பிரித்து மறுபடி அடிக்க அரை நாள் வேலை, 80 வெள்ளி வாங்குவேன். ஹெட்செட்டில் யாரோ போட்ட தேங்காய் எண்ணெய் வாசம். ஏர்கோன் கிடையாது. தரையில் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அதுதான் காற்று. எனக்கு இடப்பக்க இருக்கை, பயிற்றுநர் வலப்பக்கம். பின்னால் மகள், கையில் கைப்பேசி.

பயிற்றுநர் தமிழ்ப் பிள்ளை. கிள்ளானில் வளர்ந்தவன். முதல் வார்த்தையே “ஆன்ட்டி, பயமா?” பயம் இல்லை, பசி என்றேன். சிரித்தான். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினான். இந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் போட இடம் இருந்தால் போட்டிருப்பேன்.

மேலே போனது நன்றாயிருந்தது. சும்மா சொல்லவில்லை. 2,000 அடி என்றான். அடி எனக்குப் புரியும், 610 மீட்டர். மெர்டெக்கா 118 கோபுரம் 679 மீட்டர். தூரத்தில் மழை கழுவிவிட்ட வானத்தில் அது நிற்கிறது. நாங்கள் விமானத்தில் இருந்தும் அதன் உச்சிக்குக் கீழேதான் இருந்தோம். இதைச் சொன்னபோது கடையில் ஒருத்தரும் நம்பவில்லை. கீழே செம்பனைத் தோட்டம். தரையில் நடந்தால் இருட்டும் கொசுவும்தான். மேலே இருந்து பார்த்தால் ஒவ்வொரு மரமும் ஒரு நட்சத்திரம். பச்சைப் பட்டில் புட்டா போட்ட மாதிரி, வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. என் அம்மா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். அவள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அவன் “இப்ப நீங்க புடிங்க” என்றான்.

பிடித்தேன். ஒன்பது, பத்து நிமிஷம் என் கையில். வலது பக்கம் லேசாகச் சாய்த்தால் மூக்கு கொஞ்சம் கீழே போகப் பார்க்கிறது, அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கிரேப் துணி தைக்கிற மாதிரி. இழுத்தால் கெட்டுவிடும், விட்டாலும் போய்விடும். “கால லேசா பெடல் மேல வைங்க, நான் பண்றத ஃபீல் பண்ணுங்க” என்றான். வைத்தேன்.

இங்கேதான் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமானத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பெடல்கள் இருக்கின்றன, ஆனால் அடியில் இரண்டும் ஒன்றுக்கொன்று பிணைந்தவை. அவன் இடது பெடலை அழுத்தினால் என் இடது பெடலும் தானாக உள்ளே போகும், என் வலது பெடல் என் பாதத்தை நோக்கி எழுந்து வரும். வானத்தில் அது வாலில் உள்ள திருப்புத் துடுப்பை அசைக்கும். தரையில் முன் சக்கரத்தையும் திருப்பும். பெடலின் மேல் நுனியை விரலால் அழுத்தினால் பிரேக். வலது நுனி வலது சக்கரத்துக்கு, இடது நுனி இடது சக்கரத்துக்கு. இவ்வளவு வேலை அந்த இரண்டு தகட்டில்.

31 வருஷமாக என் கால் பெடலில்தான் இருக்கிறது. ஜூக்கி மெஷினில் முன்பாதத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலைப் பின்னால் அழுத்தினால் நிற்கும். ஆனால் 20 வருஷமாகக் காடியும் ஓட்டுகிறேன். அதில் நிற்க வேண்டுமென்றால் வலது முன்பாதம். இரண்டு பழக்கமும் ஒரே காலில். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

திரும்பி வரும்போது ஓடுபாதை ஈரத்தில் பளபளவென்று தெரிந்தது. ஆரஞ்சு நிறக் காற்றுப் பை வலப்பக்கத்திலிருந்து குறுக்கே நீட்டிக்கொண்டு, நடுநடுவே தொங்கி, மறுபடி நீட்டியது. அவன் பேச்சை நிறுத்தினான். “ஐ ஹேவ் கன்ட்ரோல்” என்றான். நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கையை எடு என்பது எனக்குப் புரிந்தது. காலையும் எடு என்று அதற்கு அர்த்தம் என்று தெரியவில்லை. என் கால் பெடல் மேலேயே இருந்தது.

முதலில் தொட்டது. தொட்டவுடன் துள்ளியது. துள்ளல் பெரிதில்லை, ஒரு வேகத்தடையைத் தாண்டுகிற அளவு. மேலே நின்ற அந்த ஒரு விநாடியில் ஒரு காற்று வந்து பக்கவாட்டில் தள்ளியது. மறுபடி தொட்டது. தொட்டதும் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. மெதுவாகத்தான் திரும்பியது, அதுதான் பயம். என் வலது பெடல் என் பாதத்தை நோக்கி எழுந்து வந்தது. அவன் இடது பெடலைக் கடைசிவரை மிதித்திருக்கிறான் என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியாது. என் கால் விறைத்துப் போயிருந்தது. ஓடுபாதை ஓரத்து வெள்ளைக் கோடு முன் கண்ணாடியில் குறுக்கே வந்து, அப்படியே வயிற்றுக்கு அடியில் போயிற்று. ‘டப்’ என்று ஒரு சத்தம். அது ஓரத்து விளக்கு. அப்புறம் புல். புல்லில் சக்கரம் போகும் சத்தம் கனமான ஜீன்ஸ் துணியைக் கையால் கிழிக்கிற மாதிரி. வலது சக்கரம் சேற்றில் அமுங்கியதும் விமானம் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போய், லேசாகக் குனிந்து, நின்றது.

எல்லாம் சேர்த்து எட்டு விநாடி. மகளின் வீடியோவில் எண்ணிப் பார்த்தோம்.

அவன் கை நடுங்கவில்லை. சிவப்புக் குமிழை வெளியே இழுத்தான், சுழலி நின்றது. கீழே எண்ணெய்க் குழாயை மூடினான், சாவியைத் திருப்பினான், மின்சாரத்தை அணைத்தான். நாலு வேலை, நாலு விநாடி. அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். “அம்மா, ஓகேவா?” அதுவரை ஆன்ட்டி. பின்னால் மகள் அழவில்லை, “அம்மா, ரெக்கார்ட் ஆயிருச்சு” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

ஒரு பிக்-அப் வண்டியில் இரண்டு பேர் தீயணைப்பானோடு வந்தார்கள். ஓடுபாதை ஓரத்திலிருந்து எத்தனை அடி என்று என் பழக்கத்தில் காலால் அளந்தேன், 37. சுழலி மண்ணைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்குமாம், மன்றமே படுத்துவிடுமாம். என் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தார். மூடியை மட்டும் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மன்றத்தில் மைலோவும் கறிபாஃப்பும் கொடுத்தார்கள். கறிபாஃப் அருமை, சுட்டெடுத்த சூடு. கிளினிக்குக்குக் கூட்டிப் போய் மூன்று பேரையும் காட்டி, செலவையும் அவர்களே கொடுத்தார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், அல்லது ஆறு மாதத்துக்குள் இன்னொரு தடவை இலவசமாகப் பறக்கலாம் என்றார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம் மேலாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, வீடியோவை ஃபேஸ்புக்கில் போட வேண்டாம் என்றார். போடும் எண்ணமே எனக்கு இல்லை. ஆனால் அவர் கேட்ட பிறகு போட்டால் என்ன என்று தோன்றியது. வாடிக்கையாளரிடம் இப்படிக் கேட்கக் கூடாது. ரவிக்கையைத் தப்பாக வெட்டிவிட்டு, வெளியே சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேனா? இன்னொன்று தைத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைதான் நேராகப் பேசினான். மேலாளர் போன பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினான். காற்று வலப்பக்கத்திலிருந்து வந்தால், தரையில் ஓடும் விமானத்தின் வாலை இடப்பக்கம் தள்ளும், மூக்கு காற்று வரும் பக்கமே திரும்பப் பார்க்கும். கோழிச் சேவல் வைத்த காற்றுகாட்டி திரும்புகிற அதே கதை. அதைப் பெடலால் பிடித்து நிறுத்த வேண்டும். ஆனால் பிடிக்க ரப்பர் தரையைக் கவ்வியிருக்க வேண்டும். துள்ளி இறங்கியதால் வேகம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, இறக்கை இன்னும் பாதி எடையைத் தூக்கிக்கொண்டிருந்தது, கீழே தண்ணீர்.

தண்ணீர் கணக்கு ஒன்றும் சொன்னான், எனக்குப் பிடித்துப் போயிற்று. டயரில் எத்தனை பிஎஸ்ஐ காற்று இருக்கிறதோ அதற்கு வர்க்கமூலம் எடுத்து, 9-ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் எத்தனை நாட் வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும் என்று தெரியும். நாசா கண்டுபிடித்த கணக்காம். 36 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால் 6 ஒன்பது 54 நாட், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டர். சின்ன விமானம் தரையைத் தொடுவதே கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான். பெரிய ஜெட் டயரில் 200 பிஎஸ்ஐ இருக்கும், அது 127 நாட் வரை தாங்கும். சின்னது என்றால் மெதுவாக வரும், அதனால் பத்திரம் என்று நான் நினைத்திருந்தேன். டயரும் சின்னது, காற்றும் என் காடி டயர் அளவுதான்.

“ஓடுபாதை நீளம் பத்தலையா தம்பி?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்களூரு, கோழிக்கோடு. 2010-இல் ஒன்று, 2020-இல் ஒன்று, இரண்டிலும் ஓடுபாதை தீர்ந்து போய் விமானம் அந்தக் கடைசியில் பள்ளத்தில் விழுந்தது. அவன் தலையாட்டினான். “நமக்கு நீளம் நிறையவே இருந்துச்சு ஆன்ட்டி. இது நிக்க 200 மீட்டர்கூட வேணாம். நமக்கு அகலம்தான் தீந்து போச்சு.” அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “முதல் துள்ளல்லயே பவர் குடுத்து மேல போயிருக்கணும். மறுபடி சுத்தி வந்திருக்கலாம். நான் புடிச்சிறலாம்னு நெனச்சேன்” என்றான்.

அதைச் சொன்ன பிறகுதான் என் கால் எனக்கு ஞாபகம் வந்தது.

“தம்பி, என் கால் பெடல் மேலதான் இருந்துச்சு” என்றேன். அவன் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “அமுத்துனீங்களா?” தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பெடல் எழுந்து வந்தது ஞாபகம் இருக்கிறது, கால் விறைத்தது ஞாபகம் இருக்கிறது. விறைத்த கால் எழுந்து வரும் பெடலைத் தடுத்ததா, அதோடு சேர்ந்து மடங்கியதா? காடி ஓட்டுகிறவள் கால் பயத்தில் முன்பாதத்தை அழுத்தும். வலது முன்பாதம் என்றால் வலது பிரேக். போனதும் வலது பக்கம்தான்.

“இல்ல ஆன்ட்டி. நீங்க தடுத்திருந்தா என் கால்ல தெரிஞ்சிருக்கும். ஒண்ணும் தெரியல” என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னான்.

ஓடுபாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி ஓடுவதை அனைத்துலக விதிப்படி கடுமையான நிகழ்வு என்று கணக்கில் வைப்பார்கள், யாருக்கும் அடிபடாவிட்டாலும் அறிக்கை போயாக வேண்டும். உள்ளே இருந்தவர்களும் நடந்ததை எழுதித் தர வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மலாயில் எழுதினேன். கடைசி வரியில், என் இரண்டு பாதமும் பெடல் மேல் இருந்தன, எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அழுத்தினேனா என்று எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அந்தப் பிள்ளை எதிரே நின்று படித்துக்கொண்டிருந்தான். அந்த வரி அவனுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பாதி அவனைக் காப்பாற்றும், பாதி அவனைக் குற்றம் சொல்லும். “அதை எழுதாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றான். “ஆனா அது இல்ல.”

கடைக்கு வந்து இரண்டு வாரம் மெஷினில் உட்கார்ந்தால் காலைத்தான் பார்ப்பேன். அவசரத்தில் நிறுத்தும்போது எது போகிறது? பார்த்துக்கொண்டே செய்தால் எதுவும் இயல்பாக வருவதில்லை. ஒரு வாடிக்கையாளரின் கைப்பட்டியை இரண்டு தடவை பிரித்தேன். அவர் கேட்டால் நான் இல்லை என்பேன்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இறங்கும்போது என் கால் எங்கே இருக்க வேண்டும்?” பதில் உடனே வர வேண்டும். இரண்டு பாதமும் தரையில், இருக்கையை ஒட்டிப் பின்னால் இழுத்து. அப்படி உடனே சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூடவே, சோதனைப் பறப்புக்கு வருகிறவருக்குக் காப்புறுதி உண்டா, காற்று குறுக்கே எவ்வளவு வந்தால் கிளம்ப மாட்டீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். இந்த வகை விமானத்தில் செய்து காட்டியிருக்கும் குறுக்குக் காற்று 15 நாட். ஆனால் மன்றங்கள் புதிதாக வருகிறவர்களை வைத்துக்கொண்டு பறக்க அதைவிடக் குறைவாக ஒரு வரம்பு வைத்திருந்தால்தான் நல்லது. எண் சொல்லத் தடுமாறினால் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

காலணி விஷயம். அடி தடித்த காலணி வேண்டாம். நான் வெள்ளைக் கேன்வாஸ் போட்டிருந்தேன், அது சரிதான். வீட்டுக்கு வந்து வலது காலணியைத் திருப்பிப் பார்த்தேன், முன்பக்கத்தில் பெடல் அச்சு ஏதாவது இருக்குமா என்று. அடி முழுக்கச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். காலைப் பற்றிச் சொல்லாததற்கு ஒன்று குறைத்தேன், ஃபேஸ்புக் பேச்சுக்கு ஒன்று. புல்லுக்குள் போனதற்குக் குறைக்கவில்லை. பத்து மணி என்று சொல்லி மூன்றரைக்கு ஏற்றியதற்கு அரை குறைக்கலாம் என்றுதான் இருந்தேன், கறிபாஃப்பை நினைத்து விட்டுவிட்டேன்.

இலவசப் பறப்பை மார்ச்சில் போய் எடுத்துக்கொண்டேன். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுநாள் காலை ஆறு மணிக்குக் காடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு ஏறினேன், காற்றுப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதே பிள்ளை. தலைமைப் பயிற்றுநரோடு மறுபடி பறந்து காட்டித் தேறி வந்திருக்கிறான். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. இந்தத் தடவை விளக்கவுரை 25 நிமிஷம். சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்: இருக்கை, அதற்கடியில் பின்னால் இழுத்த இரண்டு பாதம். மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழில் ‘பாதம்’ என்பதை ‘பாதாம்’ என்று போட்டிருந்தார்கள். சொன்னேன், திருத்துகிறோம் என்றார்கள்.

இறங்கும்போது என் இரண்டு பாதமும் இருக்கைக்கு அடியில் இருந்தன. கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சக்கரம் தொட்டது தெரிந்தது, சத்தம் மட்டும். நடுக்கோடு மூக்குக்கு நேராக வந்தது.

ஓடுபாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்குத் திரும்பிய பிறகு, நடக்கிற வேகத்தில், “இப்ப கால வச்சுப் பாருங்க ஆன்ட்டி, மஞ்சக் கோட்டுலயே கொண்டு போங்க” என்றான். வைத்தேன். இடது, வலது, இடது. முன் சக்கரம் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கிறது, அது பழகிவிட்டால் போதும். கோடு வளைந்த இடத்தில் நானும் வளைந்தேன். “எப்படி இவ்வளவு நேரா போறீங்க?” என்றான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டையே பார்த்திருந்தேன். கொட்டகை வந்தது.

“சரி, நிறுத்துங்க” என்றான்.

என் வலது குதிகால் தானாகத் தரையில் பின்னால் அழுந்தியது. விமானம் பாட்டுக்கு உருண்டுகொண்டே இருந்தது. அவன் என் காலைப் பார்த்தான், அப்புறம் பிரேக்கைப் பிடித்தான்.